எந்தப் படம்?

2007-இல் திருபுவனை பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு செல்போன் கடை இருந்தது. ரீசார்ஜ், சிம் கார்டு, ரிப்பேர் எல்லாம் போர்டில் எழுதியிருக்கும். உண்மையான வியாபாரம் மெமரி கார்டில் பாட்டு ஏத்தித் தருவது. 512 எம்பி கார்டு நிரம்ப முப்பது ரூபாய். கடைக்கார அண்ணன் தன் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்திருப்பார்: ரஜினி, விஜய், இளையராஜா சோகம், குத்து, அம்மன், ஐயப்பன். நான் அப்போது இன்ஜினியரிங் முதல் வருஷம். காலேஜ் பஸ் வருவதற்குள் அந்தக் கடை வாசலில் நின்று, காசு கொடுக்காமல் கேட்க முடிந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஸ்பீக்கரில் ‘மடை திறந்து’ ஓடியது. எங்கள் ஊர்க்காரனுக்கு மடை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரிப்பாசன ஊர். பக்கத்து ஊர் மதகடிப்பட்டுக்குப் பெயரிலேயே மதகு இருக்கிறது. அந்தப் பாட்டும் புதிதில்லை, அப்பா கேட்கும் பாட்டு. ஆனால் பல்லவி முடிந்த இடத்தில் வயலின் வரவில்லை. கனமான ஒரு டிரம் விழுந்தது, அதன்மேல் ஒருவன் பேச ஆரம்பித்தான். பேச்சா பாட்டா என்று தெரியவில்லை. தமிழ் என்று மட்டும் தெரிந்தது. அதுவும் மேடைத் தமிழ், ழகரம் பிசகாத தமிழ்.

“அண்ணா, இது எந்தப் படம்ணா?”

“படம் இல்ல தம்பி. மலேசியா.”

“மலேசியா வாசுதேவனா?”

அண்ணன் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவரும் அதை ‘ரீமிக்ஸ்’ என்ற ஃபோல்டரில்தான் போட்டு வைத்திருந்தார். வேறு எங்கே போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

தமிழில் ஒரு பாட்டைக் கேட்டதும் நாம் கேட்கிற முதல் கேள்வி “எந்தப் படம்?”தான். யார் பாடினார், யார் எழுதினார் என்பதெல்லாம் அப்புறம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஒரு பாணி நம் மொழியில் உண்டானதையும், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் அதே கேள்விக்குள் போய் அது கரைந்ததையும்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

அதுவரை எங்களுக்கு ராப் என்றால் ‘பேட்டை ராப்’. 1994, ‘காதலன்’. ஏ. ஆர். ரஹ்மான் இசை, சுரேஷ் பீட்டர்ஸ் குரல், வரிகள் இயக்குநர் ஷங்கருடையது. சென்னைப் பேச்சை அப்படியே தாளத்தில் அடுக்கிய விளையாட்டு. அபாரமான விளையாட்டு, ஆனால் விளையாட்டு. அதற்குப் பின் ரஹ்மான் பாட்டுகளில் பிளாசே வந்தார். ‘சிவாஜி’ வரும்போது தமிழ்ப் பாட்டில் ராப் என்றால் இங்கிலீஷ் வரும் இடம் என்று எங்களுக்குள் பதிந்துபோயிருந்தது. ஹீரோ கோட் போட்டுக்கொண்டு நடக்கும்போது பின்னால் யாரோ வேகமாக எதையோ சொல்வார்கள். அது புரியக்கூடாது, புரிந்தால் ஸ்டைல் போய்விடும்.

கோலாலம்பூரில் கதை வேறு மாதிரி தொடங்கியது. ‘பொயட்டிக் அம்மோ’ என்ற குழு 1998-இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், நிக்கோலஸ் ஓங் என்று நான்கு பேர். பெரும்பாலும் இங்கிலீஷ்தான், ஆனால் அதே ஆல்பத்தில் மலாய், தமிழ், கேன்டனீஸ் பாட்டுகளும் உண்டு. மலேசியத் தெருவில் ஒரு நாளில் காதில் விழும் மொழிகள் எல்லாம் ஒரே தட்டில். அதில் தமிழ் ஒரு ஓரத்தில் இருந்தது.

அந்த ஓரத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. மலேசிய மக்கள்தொகையில் இந்திய வம்சாவளியினர் சுமார் 7 சதவீதம், அவர்களில் பெரும்பான்மை தமிழர். ரப்பர் மரம் சீவப் போனவர்களின் வாரிசுகள். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரன் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது நடந்ததை அங்கே ‘தோட்டத் துண்டாடல்’ என்பார்கள். மிஞ்சிய தோட்டங்களிலும் பிற்பாடு ரப்பர் போய் செம்பனை வந்தது, பல இடங்களில் அதுவும் போய் வீட்டுமனை வந்தது. லயத்து வீடு, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் மூன்றையும் விட்டுவிட்டு ஜனங்கள் நகரத்தின் ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அடுக்குமாடி ஃபிளாட்டுகளுக்கும் போனார்கள். அந்த ஃபிளாட்டுகளில் வளர்ந்த பிள்ளைகளின் காதுக்கு நியூயார்க் ராப் அந்நியமாகப் பட்டிருக்காது. ஊரை இழந்து சிமெண்டுக்கு வந்தவன் கதைதானே அதுவும்.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது. ஏன் அவர்கள் செந்தமிழில் ராப் செய்தார்கள்? 2006-இல் ‘யோகி பி & நட்சத்திரா’ என்ற பெயரில் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் மூவரும் கொண்டுவந்த ஆல்பத்தின் பெயரே ‘வல்லவன்’. இன்னொரு பாட்டின் பெயர் ‘கவிதை குண்டர்’. அதே காலத்தில் சென்னையில் ஒருவன் செந்தமிழில் பாட்டுக் கட்டினால் பட்டிமன்றம் என்று சிரித்திருப்பார்கள். இங்கே அந்தத் தமிழ் மைக் பிடித்த அரசியல்வாதிக்கும் தமிழ் ஐயாவுக்கும் சொந்தம். அங்கே நிலைமை தலைகீழ். தெருவில் பேசும் தமிழில் மலாய் தாராளமாகக் கலந்திருக்கும். தமிழ்ப்பள்ளியோ மூடிவிடுவார்களோ என்று பயந்து பயந்து காப்பாற்றி வைத்த பொருள். அதனால் பள்ளிக்கூடத் தமிழை எடுத்து பீட்டின்மேல் வைப்பது அவர்களுக்குக் கெத்து. நமக்கு அது கூச்சம். ஒரே மொழிதான், கடலுக்கு அந்தப் பக்கம் அதன் அர்த்தம் வேறு.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் அவர்கள் செய்தது சின்ன வேலை இல்லை. இங்கிலீஷ் ராப் வரிக் கடைசியில் ஒலி சேர்வதை நம்பி நிற்பது. தமிழில் வரிக் கடைசி ஒலி சேர்வது மகா மலிவு. வருகிறான், தருகிறான், எரிகிறான் என்று வினைமுற்றைப் போட்டுக்கொண்டே போனால் போதும், இலக்கணமே இயைபு பார்த்துக்கொள்ளும். அப்படிக் கட்டிய தமிழ் ராப் கேட்டிருப்பீர்கள், நர்சரி ரைம்ஸ் மாதிரி இருக்கும். நம் மரபின் பலம் வரியின் தலையில் இருக்கிறது: மோனை, எதுகை. யோகி பி கூட்டம் தலையிலும் கடைசியிலும் ஒலியைக் கட்டியது. நீண்ட தமிழ்ச் சொல்லை நடுவில் உடைத்து, குறில் வரும் இடத்தில் டிரம்மை ஏற்றி, நெடிலில் மூச்சு வாங்கி, இடையில் ஒரு இங்கிலீஷ் வரியைச் செருகி மறுபடி தமிழுக்கு வருவார்கள். “திருப்புகழ்தான் உலகத்தின் முதல் ராப்” என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நான் எரிச்சலாகிவிடுவேன். ஆனால் சந்தம் என்ற பழைய சரக்கு இந்தப் பையன்கள் கையில் வேலைக்கு வந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தப் பாணியின் உச்சம் என்று நான் நினைப்பது ‘மடை திறந்து’. அதன் வீழ்ச்சிக்கான விதையும் அதற்குள்ளேயே இருந்தது. ஏனென்றால் அதன் பல்லவி சினிமாவினுடையது. 1980, பாரதிராஜாவின் ‘நிழல்கள்’, இளையராஜா இசை, வாலி வரிகள், எஸ். பி. பாலசுப்ரமணியம் குரல். வாய்ப்புக்கு அலையும் ஓர் இசைக்கலைஞன் கனவு காண்கிற பாட்டு அது. அதை எடுத்து, சினிமாவே இல்லாத ஊரில், தாங்களே பாடகன் தாங்களே கவிஞன் என்று அறிவிக்கிற பாட்டாக மூன்று பேர் மாற்றியது எவ்வளவு பொருத்தம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சினிமாவுக்கு வெளியே தமிழில் பிறந்த மிகப் பெரிய ராப் பாட்டுகூட, நம் காதைத் திறக்க ஒரு சினிமாப் பல்லவியைத்தான் சாவியாக வைத்திருந்தது. அந்தச் சாவி இல்லையென்றால் செல்போன் கடை வாசலில் நான் திரும்பிப் பார்த்திருப்பேனா? மாட்டேன்.

2007 நவம்பரை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். நவம்பர் 8, தீபாவளி, ‘பொல்லாதவன்’ வெளியானது. ஜி. வி. பிரகாஷ் இசையில், 1979-இன் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துப் பாட்டு ‘எங்கேயும் எப்போதும்’ ரீமிக்ஸாக வந்தது. எஸ்பிபி குரலோடு யோகி பி. இப்போது “எந்தப் படம்?” என்றால் பதில் இருந்தது. அதே மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர் தெருக்களில் ஹிண்ட்ராஃப் பேரணி. ஆயிரக்கணக்கான மலேசியத் தமிழர்கள் இறங்கினார்கள், கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. எங்கள் காலேஜ் பஸ்ஸில் அந்த வாரம் முழுக்க யோகி பி ஓடிக்கொண்டிருந்தார். பேரணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கே அது நடந்தது பல வருஷம் கழித்துத்தான் தெரியும். குரல் மட்டும் வந்து சேர்ந்தது, குரல் எந்த மண்ணிலிருந்து வந்ததோ அது வரவில்லை.

அதன்பிறகு கோலிவுட்டில் ‘ராப் போர்ஷன்’ என்ற ஒன்று நிரந்தரமானது. முன்பு இங்கிலீஷில் இருந்தது தமிழுக்கு வந்தது என்பது பெரிய மாற்றம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2011 பொங்கலுக்கு வந்த ‘ஆடுகளம்’ படத்தில் யோகி பி குரல் கொடுத்த ‘போர்க்களம்’ இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும் பாட்டு. 2017-இல் ‘விவேகம்’ படத்தின் ‘சர்வைவா’ வரை அவர் வந்துகொண்டேதான் இருந்தார். ஆனால் போர்ஷன் என்பது ஒதுக்கப்பட்ட இடம். ஹீரோ யாரோ, அவர் வீரத்தைச் சொல்ல வேண்டும். ராப்பில் ‘நான்’ என்று ஒருவன் சொன்னால் அது அவனே. சினிமாவில் அந்த ‘நான்’ வேறொருவருக்கு வாடகைக்குப் போகிறது. ‘வல்லவன்’ ஆல்பத்தின் முழு பலமும் அந்த ‘நான்’தான். டாக்டர் பர்னும் எம்சீ ஜெஸும் தனித்தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், மலேசியாவில் அடுத்த தலைமுறையும் வந்தது. ஆனால் கடல் தாண்டி இங்கே வந்து எங்கள் காதைத் திருகிய இன்னொரு ஆல்பம் அந்தக் கூட்டணியிலிருந்து வரவில்லை.

புதுச்சேரிக்காரனாக இருப்பதில் ஒரு லாபம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ராப் கிடைக்கும். வில்லியனூரில் என் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொல்தா தாத்தா வீடு. வெளியூர் வாசகர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே சொல்தா என்போம். அவர் பேரன் லீவுக்கு பாரிஸ் பக்கத்திலிருந்து வருவான். தமிழ் தட்டுத்தடுமாறி வரும், காதில் எப்போதும் ஹெட்போன். ஐஏஎம் என்ற மார்செய் நகரத்துக் குழுவை அவன்தான் எனக்குக் காட்டினான். ஒரு வார்த்தை புரியாமல் மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். பிரான்சில் 1994-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 1996 தொடக்கத்திலிருந்து வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும், அதில் பாதி புதியவர்களுக்கோ புதிய வெளியீடுகளுக்கோ தர வேண்டும். இங்கிலீஷ் பாட்டை நிறுத்தத்தான் அந்தச் சட்டம் போட்டார்கள். அதில் அதிகம் பிழைத்தது புறநகர்ப் பையன்களின் ராப். ஐஏஎம்-இன் மிகப் பெரிய ஆல்பம் 1997-இல் வந்தது தற்செயல் இல்லை. ஸ்கைராக் என்ற வானொலி கிட்டத்தட்ட ராப் வானொலியாகவே மாறியது. அந்தப் பேரன் ஒருநாளும் “எந்தப் படம்?” என்று கேட்டதில்லை. அவனுக்கு அந்தக் கேள்வியே புரியாது.

சட்டத்தால்தான் கலை வளரும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பாணிக்குச் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும். மலேசியத் தமிழ் ராப்புக்கு சிடி கடையும் உள்ளூர்த் தமிழ் வானொலியும் வாசலாக இருந்தன. சிடியை யார் கொன்றது என்று கேட்டால் முதல் குற்றவாளி நான்தான். திருபுவனையில் நான் கொடுத்த முப்பது ரூபாயில் ஒரு பைசாகூட கோலாலம்பூருக்குப் போயிருக்காது.

இரண்டாவது குற்றமும் என்னுடையதுதான். 2014-இல் நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஒரு பாட்டு ஆப் செய்யும் வேலை வந்தது. தமிழ்ப் பாட்டுகளுக்கான டேட்டாபேஸை வடிவமைத்தவன் நான். பாட்டின் பெயர், பாடகர், இசையமைப்பாளர், படத்தின் பெயர் என்று காலம்களை வரிசையாகப் போட்டேன். ‘படத்தின் பெயர்’ காலியாக இருக்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடும் போட்டேன். யோசித்துப் போடவில்லை, கை பழக்கத்தில் போட்டது. இரண்டு வாரம் கழித்து டேட்டா என்ட்ரி செய்த அக்கா வந்து கேட்டார்.

“சார், இதுக்குப் படம் இல்லையே, என்ன போடறது?”

திரையைப் பார்த்தால் யோகி பி.

“‘மற்றவை’னு போட்டுடுங்கக்கா,” என்றேன்.

ஆப் வெளிவந்தபின் ஒருநாள் ‘மடை திறந்து’ போட்டுக் கேட்டேன். முடிந்ததும் அடுத்த பாட்டு தானாக வர வேண்டும். அதே படத்தின் அடுத்த பாட்டை எடு என்பதுதான் நான் எழுதிய விதி. ‘மற்றவை’ என்ற படத்தின் அடுத்த பாட்டாக வந்தது ஒரு ஐயப்பன் பாட்டு. அதற்கடுத்து ‘திருவிளையாடல்’ கதை வசனம். சிரித்துக்கொண்டேதான் டீமில் காட்டினேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. செல்போன் கடை அண்ணன்கூட ரீமிக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார்.

கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஹிப்ஹாப் தமிழா வந்த கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2011-இல் ‘கிளப்புல மப்புல’ யூடியூபில் பரவியது, 2012-இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பம், 2013-இல் அனிருத்தின் ‘எதிர்நீச்சல்’ பாட்டில் குரல், 2015-இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசை, 2017-இல் ‘மீசைய முறுக்கு’ படத்தில் ஆதி ஹீரோ. ஆறு வருஷத்தில் யூடியூபிலிருந்து கட்-அவுட். ‘கிளப்புல மப்புல’ பெண்களைப் பேசிய விதம் அன்றைக்கே எனக்கு உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தப் பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன். வேறு எந்தப் பாதை இருந்தது? யோகி பி போர்ஷனுக்குள் நின்றார். ஆதி போர்ஷனை உடைத்து படத்தையே எடுத்துக்கொண்டார். எப்படியானாலும் பதில் ஒரு படத்தின் பெயர்.

இந்தக் கேள்வியை மறுத்து நின்றது 2018 ஜனவரி 6-ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கானா, பறை, ராப் மூன்றும் ஒரே மேடை. அரக்கோணத்துக்காரரான அறிவு அங்கிருந்துதான் எல்லோருக்கும் தெரிய வந்தார். 2019-இல் அவரும் ஆஃப்ரோவும் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பம் தந்தார்கள். திருபுவனை பெருமாள் கோயிலில் ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்லூரி பற்றியது. வேதத்தைக் காதால் கேட்டு வாயால் சொல்லிப் பாடம் செய்த இடம். பள்ளிக்கூடத்தில் அதை ஊர்ப்பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் வெளியூரில் பெருமை அடித்திருக்கிறேன். அந்த 260-இல் யார் உட்கார முடிந்திருக்கும், யார் கேட்கவே கூடாது என்று இருந்தது என்று நான் யோசித்தது ‘தெருக்குரல்’ கேட்ட பிறகுதான். யோகி பி எனக்கு மொழியைக் காட்டினார் என்றால் அறிவு என் ஊரைக் காட்டினார்.

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’. தீ, அறிவு பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து வந்த பாட்டு. மறுபடியும் தோட்டம், மறுபடியும் படமில்லாத பாட்டு. உலகமே கேட்டது. எங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டு வாசித்தது. அதற்கப்புறம் நடந்ததும் தெரியும். பாட்டு யாருடையது என்ற சண்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். அந்தப் பைசாவைக் கேட்டதும் எனக்குச் செல்போன் கடைதான் ஞாபகம் வந்தது. இதற்கிடையில் அறிவும் ‘மாஸ்டர்’ படத்துக்கு எழுதிப் பாடிவிட்டார். எழுதக்கூடாதா என்ன, வீட்டு வாடகையை யார் கட்டுவது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். செல்போன் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. சாயங்காலம் அக்கா பையன் மாடியில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பிளஸ் ஒன் படிக்கிறான். போனிலிருந்து தெரிந்த குரல் ஒன்று வந்தது, ஆனால் சேற்றில் நடக்கிற மாதிரி மெதுவாக, கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலிக்கிற மாதிரி. ‘ஸ்லோட் ரிவர்ப்’ என்று இன்றைக்குப் பையன்கள் எல்லாப் பாட்டையும் இப்படித்தான் இழுத்துக் கேட்கிறார்கள். பாட்டை இப்படி இழுப்பது ஹூஸ்டன் நகரத்தில் டிஜே ஸ்க்ரூ என்பவர் 1990களில் கேசட்டில் செய்துகாட்டிய வேலை. 2000-இல் செத்துப்போனார். அதுவும் ஓர் ஊரின் பாணிதான், ஊர் பெயர் உதிர்ந்து பட்டன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இழுத்த குரல் யோகி பி-யுடையது.

“டேய், இது யார் பாட்டு தெரியுமா?”

“தெரியாது மாமா. நல்லாருக்குல்ல? எந்தப் படம் இது?”

“படம் இல்லடா. மலேசியா.”

அவன் என்னை நம்பவில்லை. போனைக் கையில் எடுத்து எதையோ தேடினான், திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“போங்க மாமா. ‘நிழல்கள்’னு போட்ருக்கு.”